நாற்பத்தோராவது தலை

காலை ஏழே முக்கால் மணி. வண்டியில் நாற்பத்தொரு தலை. பதினாலாம் சீட்டு, ஜன்னல் ஓரம், ஆவுடையம்மாள். என் சம்சாரம்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன் சார். பாங்காக்கில் எங்களுக்கு அது மூன்றாம் நாள். 2023 பிப்ரவரி 16, வியாழக்கிழமை. காலையில் எண்ணினேன், நாற்பத்தொன்று. மத்தியானம் கோயிலைவிட்டுப் புறப்படும்போது எண்ணினேன், அப்போதும் நாற்பத்தொன்று. எண்ணிக்கையில் தப்பே இல்லை. அதைத்தான் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் தென்காசி வரைக்குமா? நான் பாவூர்சத்திரம். வண்டி இன்னும் பேட்டையே தாண்டவில்லை, நேரம் கிடக்கிறது. அந்தப் பையை இப்படிக் கொடுங்கள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்கு ஜன்னல் பழக்கமில்லை. ஒரு எண்ணிக்கை தப்பாகிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் போகிறேன். அது கடைசியில்.

முப்பத்தொரு வருஷம் கண்டக்டர் நான். இதே ரோட்டில் பதினோரு வருஷம். இந்த வண்டி கண்டக்டரைப் பாருங்கள், மெஷினையே பார்த்துக்கொண்டு போகிறான். தலை எண்ணுகிறானா? எண்ணவில்லை. எங்கள் காலத்தில் ஸ்டேஜ் முடிவதற்குள் பின் சீட்டிலிருந்து முன்னே வரைக்கும் எண்ணியாக வேண்டும். தலைதான். முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் பேசத் தோன்றும், பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

ஒரு தமாஷ் சொல்கிறேன். டவுன் வண்டியில் இருந்தபோது ஒரு நாள் சரியான கூட்டம். ஒரு கை நீள்கிறது. "எங்கம்மா போணும்?" என்று கேட்டேன். "மார்க்கெட்டுக்கு ஒண்ணு" என்றது குரல். கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஆவுடை சிரிக்கிறாள். "நாந்தான் ஏறுனேன். எங்கம்மா போணும்னு கேட்டீங்களே!" அந்த டிக்கெட்டை சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிப்பாள். இருபது வருஷம் சொல்லியிருப்பாள்.

பாங்காக் டூர் என் மகன் கணபதிராமன் போட்டுக் கொடுத்தது. சென்னையில் இருக்கிறான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை என்று அவனுக்குக் குறை. அவளுக்கும் ஒரே ஒரு ஆசைதான். கோயிலும் வேண்டாம், குளமும் வேண்டாம். "இந்தத் தடவையாவது வண்டியில எம்பக்கத்துல உக்காந்து வாங்க." புறப்படும் அன்றைக்குச் சொன்னாள், ஏர்போர்ட்டில் சொன்னாள். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

ஆனால் நிலைமையைப் பாருங்கள். டூர் மேனேஜர் ஜெபசிங், சாத்தான்குளத்துத் தம்பி, தங்கமான பிள்ளை. ஆனால் எண்ணத் தெரியாது. முதல் நாள் ஏர்போர்ட் வாசலில் மூன்று தடவை எண்ணி மூன்று எண்ணிக்கை சொன்னான். நான் ஒரு தடவை எண்ணினேன். அவனை விட்டுவிட்டு, என்னைச் சேர்த்து நாற்பத்திரண்டு. கண்டக்டர் தன்னை எண்ணிக்கொள்ள மாட்டான், அதனால் வண்டிக்குள் நாற்பத்தொன்று இருந்தால் போகலாம். "அண்ணாச்சி, இனிமே இது உங்க பொறுப்பு" என்றான். பொறுப்பென்று ஒருத்தன் கொடுத்தபிறகு சம்சாரத்தின் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்க முடியுமா? வாசல் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். பதிமூன்றாம் சீட்டில் என் பை உட்கார்ந்து வந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள் சார். வயசான ஆட்கள், சின்னஞ்சிறுசுகள், எல்லோருக்கும் அண்ணாச்சி அண்ணாச்சிதான். அவள் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெரிய ஊர் இல்லையா, பார்ப்பதற்கா பஞ்சம்?

அன்று முதலில் படகு. ஆறு நம் தாமிரபரணி மாதிரி நாலு இருக்கும். படகுத்துறையில் தொப்பி போட்ட ஒரு பொம்பளை, ஐம்பது வயது இருக்கும், இறங்குகிற ஜோடியையெல்லாம் நிறுத்திப் படம் எடுத்தாள். அதை ஒரு பீங்கான் தட்டில் ஒட்டி, வெளியே வரும்போது விற்பார்கள். அங்கே அது ஒரு தொழில். ஆவுடை நின்றுகொண்டு கூப்பிட்டாள். "ஏங்க, ஒரு படத்துக்காவது வாங்களேன்."

"ஏளா, இருபத்தேழு பேருதான் இறங்கியிருக்கு. நீ எடு."

அவளைத் தனியாக எடுத்தாள் அந்தப் பொம்பளை. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு ஆவுடை நின்றாளாம். ஏன் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை.

அடுத்தது, துறைக்கு எதிரேயே, சயன புத்தர் கோயில். நாற்பத்தாறு மீட்டர் நீளம் படுத்திருக்கிறார். நம் வண்டி நாலை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம். முழுக்கத் தங்க முலாம். ஆவுடை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பள்ளிகொண்ட பெருமாள் மாதிரிதான் இருக்காரு. ஆனா இவரு சிரிக்காரு" என்றாள். முதுகுப் பக்கம் சுவரோரமாக நூற்றெட்டு வெண்கலக் கிண்ணம் வரிசையாக வைத்திருக்கிறார்கள். சில்லறை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போக வேண்டும். டங், டங் என்று சத்தம் கோயில் முழுக்கக் கேட்கிறது.

"வாங்க, ஆளுக்குப் பாதி போடுவோம். அம்பத்திநாலு நீங்க, அம்பத்திநாலு நான்."

"நீயே போடு. பதினொண்ணு நாப்பதுக்கு வண்டி. நான் போய் ஆளை ஏத்துதேன்."

"நான் போட்டு முடிக்கதுக்குள்ள எடுத்துராதீங்க."

"நான் எண்ணாம அந்த வண்டி நகராதுட்டி" என்றேன்.

சிரித்தாள். அது ஞாபகம் இருக்கிறது.

வண்டிக்கு வந்தேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஆட்கள் ஏறுகிறார்கள். அந்தத் தட்டு விற்கிற பொம்பளையும் கூடவே ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் போய்த் தட்டைக் காட்டுகிறாள். என் முன்னாலும் ஒரு தட்டை நீட்டினாள். "வேண்டாம், வேண்டாம்" என்றேன், பார்க்கவில்லை. ஏறுகிற ஆளைப் பார்ப்பதா, தட்டைப் பார்ப்பதா? மணி பதினொன்று நாற்பது. டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டான். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். பதினாலாம் சீட்டில் தொப்பி. அன்றைக்குப் பாதிப் பேர் தலையில் தொப்பிதான், காலையில் படகுத்துறையில் வாங்கியது. தொப்பிக்குக் கீழே ஒரு தலை இருந்தது. நாற்பத்தொன்று. "ரைட்" என்றேன்.

விற்காத தட்டுகளை அடுக்கிக் கட்டுவதற்காக அந்தப் பொம்பளை காலியாக இருந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். முதல் சிக்னலில் என் முன்னாடியே இறங்கிப் போனாள். "அப்பவாவது ஒண்ணைக் கழிச்சிருக்கலாமே அப்பா" என்று கணபதிராமன் கேட்கிறான். நீங்களே சொல்லுங்கள் சார். அவள் டூர்காரி இல்லை. வியாபாரத்துக்கு ஏறியவள். கணக்கிலேயே இல்லாத ஆளை எதிலிருந்து கழிப்பது?

மத்தியானச் சாப்பாடு இந்திய ஓட்டலில், மாடியில். சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தான். ஆனால் ஆளுக்கொரு குலாப்ஜாமூன் உண்டு. சுடச்சுட. பரிமாறுகிறவனுக்கு ஒத்தாசையாக நானும் கூட நின்றேன். எல்லாருக்கும் வைத்து முடித்தபிறகு ஒன்று மிச்சம் இருந்தது. பார்த்தீர்களா, இவனுக்கும் எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நானே அதைச் சாப்பிட்டேன்.

ஒரு மணி இருபதுக்கு வண்டியில் ஏற்றி எண்ணினால் நாற்பது.

மறுபடி எண்ணினேன். நாற்பது. என் சர்வீஸில் அப்படி ஆனதில்லை. "யாருப்பா வரல? அவங்கவங்க ஜோடி வந்தாச்சான்னு பாருங்க" என்று சத்தம் போட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வந்தாச்சு, வந்தாச்சு என்றார்கள். ஓட்டல் பாத்ரூமைத் தட்டிப் பார்த்தேன். மாடிப்படியில் பார்த்தேன். திரும்ப ஏறி வந்து, "யாரு அந்த ஆளு? சொல்லித் தொலைங்கய்யா, நேரமாகுது" என்றேன். பத்து நிமிஷம் சார். ராஜபாளையத்து டீச்சரம்மா ஒருத்தர் எட்டாம் சீட்டில் இருந்தார்கள். அவர்கள்தான் எழுந்து, மெதுவாகக் கேட்டார்கள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மா எங்க?"

பதினாலாம் சீட்டைப் பார்த்தேன். என் பை பதிமூன்றாம் சீட்டில் அப்படியே இருந்தது.

அவளிடம் போன் கிடையாது. தொலைத்துவிடுவாள் என்று நான்தான் வாங்கி என் இடுப்புப் பையில் வைத்திருந்தேன். பாஸ்போர்ட்டும் என்னிடம். ஓட்டல் பேர் போட்ட அட்டையும் என்னிடம். எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

ஜெபசிங் குதித்து இறங்கிவிட்டான். "அண்ணாச்சி, வாங்க. டாக்சியப் பிடிச்சுக் கோயிலுக்குப் போயிருவோம்."

"நீ போ தம்பி. நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்."

"அண்ணாச்சி!"

"உனக்குத்தான் இந்த ஊர் பாஷை தெரியும். நான் வந்து என்ன செய்ய? இங்க நாப்பது பேரு இருக்காங்க."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். பிறகு போனான். நான் சொன்னதில் நியாயம் இல்லையா? அவன் கோயிலில் ஒவ்வொரு ஆளாக விசாரிக்க வேண்டும், நான் பக்கத்தில் ஊமை மாதிரி நிற்க வேண்டும். இங்கே நாற்பது பேரின் நாள் பாழாகிவிடும். நடுவழியில் வண்டியை விட்டு இறங்கியவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. டீச்சரம்மாகூட, "நாங்க ஓட்டல் ரூமுக்குப் போயிருதோம், நீங்க போங்க அண்ணாச்சி" என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பளிங்குக் கோயில் பார்த்தோம். ரத்தினக்கல் கடை பார்த்தோம். நாலு மணிக்கு மாரியம்மன் கோயில். நம் ஆட்கள் கட்டிய கோயில், அந்த ஊரில் நம்ம கோபுரம். அங்கே ஆவுடை பேரில் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். மனசு கிடந்து அடித்துக்கொண்டுதான் இருந்தது சார், கல்லில்லை நான். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். அவளுடைய நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. என்னுடையதைச் சொன்னேன்.

ஐந்தேகாலுக்கு ஜெபசிங் போன் பண்ணினான். கிடைத்துவிட்டாள்.

எப்படி என்று கேளுங்கள். சிக்னலில் இறங்கிய அந்தத் தட்டுக்காரி நடந்து படகுத்துறைக்குத் திரும்பியிருக்கிறாள். கோயில் வாசலில் ஆவுடை நிற்கிறாள். கையில், கோயிலில் கொடுத்த செருப்புப் பை. அந்தப் பொம்பளை கையில் விற்காத தட்டு, அதில் அதே முகம். நான் வேண்டாம் என்ற தட்டு. அதைக் காட்டித்தான் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் புரியாது. படகுத்துறையில் அவளுக்கு ஒரு சின்னக் கடை, அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்திருக்கிறாள். அங்கேயிருந்து கோயில் வாசலும் தெரியும், வண்டி வந்து நிற்கிற இடமும் தெரியும். ஐந்து மணி நேரம். ஜெபசிங் கோயிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறான், கடைசியில் அந்தப் பக்கம் வந்திருக்கிறான்.

ஆறு மணிக்கு ஆற்றில் படகுச் சாப்பாடு. விளக்குப் போட்ட பெரிய படகு, பாட்டு, ஆட்டம். ஏணிப் பலகையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஜெபசிங் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பலகையில் கால் வைத்தாள்.

"நாப்பத்தொண்ணு. சரியாப் போச்சு" என்றேன்.

வேறென்ன சொல்ல? அத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நிம்மதியில் வந்த வார்த்தைதான்.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆச்சு. குலாப்ஜாமூன் போட்டாங்க."

"அப்படியா."

படகில் அவள் தட்டை எடுக்கவே இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்றாள். "நூத்தியெட்டும் போட்டு முடிச்சேன். முடிச்சுட்டுத்தான் வெளிய வந்தேன்" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நீங்க வரலையா?"

"வண்டிய யாரு பாக்கது?"

தலையாட்டினாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. தலையாட்டினாள். சரி, புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வண்டியில் பதிமூன்றாம் சீட்டில் போய் உட்கார்ந்தேன்கூட. ஒரு அரை மணி நேரம். அப்புறம் எண்ண வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்தோம். சமையல், துணி, கோலம், எல்லாம் எப்போதும் போல. ஒன்று மட்டும் மாறிப்போனது. அந்த மார்க்கெட் டிக்கெட் தமாஷை அவள் சொல்வதில்லை. ஒரு தடவை விருந்தாளி வந்தபோது நான் எடுத்துக்கொடுத்தேன். "ஏளா, அந்தக் கதையச் சொல்லேன்." அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 4, திங்கட்கிழமை காலை ஆறு இருபது வண்டியில் பாவூர்சத்திரம் போனாள். அங்கே அவள் தங்கச்சி கோமதி இருக்கிறாள், தனி ஆள். நாலு நாளில் வந்துவிடுவாள் என்று இருந்தேன். அந்த வண்டி கண்டக்டர் செல்லப்பா, என்னோடு வேலை பார்த்தவன். பிற்பாடு சொன்னான். "மதினி போகும்போது கேட்டேன் அண்ணாச்சி, ரிட்டன் எப்பன்னு. சிரிச்சாங்க."

ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை நான் போகிறேன். வாங்க என்பாள். இலை போட்டுச் சோறு வைப்பாள். கூட்டு, பொரியல், அப்பளம், குறையே இருக்காது. சாப்பிட்டுக் கை கழுவியதும், "வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்பாள். விருந்தாளிக்குக் கேட்கிற மாதிரி.

கோமதி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இரண்டு தட்டு இருக்கிறது. ஒன்று, இவள் தனியாக நிற்பது. பக்கத்தில் இடம் விட்டு. இன்னொன்று அந்தக் கடையில் எடுத்தது. தட்டுக்காரியும் இவளும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகிறார்கள். தட்டுக்காரி ஏதோ சொல்ல, ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பாஷை தெரியாமல் எதற்குச் சிரித்தாளோ. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்று சொல்ல வந்தேன். பார்த்திருக்கிறேன். அந்த மார்க்கெட் டிக்கெட் அன்றைக்கு.

போன மாசம் ஒரு நாள் ஆவுடை கடைக்குப் போயிருந்த நேரம் கோமதியைப் பிடித்துக் கேட்டேன். "உங்க அக்காகிட்டச் சொல்லு கோமதி. எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு. அந்தப் பொம்பள வந்து உக்காந்ததுக்கு நான் என்ன செய்யட்டும்?"

கோமதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தான், எண்ணிக்கையப் பத்தி அக்கா ஒரு நாளும் பேசுனதில்ல. அந்தப் பொம்பள சைகையில கேட்டாளாம், வீட்டுக்காரரு எங்கன்னு. அக்கா ரோட்டைக் காமிச்சு, இந்தா வந்துருவாருன்னு சைகை காமிச்சாளாம். வண்டி வந்து நிக்கும்போதெல்லாம் எந்திரிச்சுப் போய்ப் பாத்தாளாம். பதினேழு வண்டி வந்துச்சுன்னு சொன்னா. ஒவ்வொண்ணுலயும் இறங்குற ஆளோட முகத்தப் பாத்தாளாம். கடைசியில அந்த ஜெபசிங் நடந்து வந்தாரு."

பதினேழு என்று எப்படி அத்தனை திட்டமாகச் சொல்கிறாள் பாருங்கள். என்னிடமிருந்துதான் பழகியிருக்க வேண்டும். ஆனால் கோமதி என்ன சொல்ல வருகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஜெபசிங் போனதும் நான் அனுப்பித்தானே? ஆள் அனுப்பவில்லை என்றால் கோபப்படலாம்.

ஆலங்குளம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான். அந்த எண்ணிக்கைத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை ஆவுடையே போன் பண்ணினாள். போன பிறகு அவளாகப் பண்ணியது அதுதான் முதல் தடவை. இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். "உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்க" என்றாள். கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக இரண்டு தடவை சொன்னேன். ஒரு எண் பிசகாமல். "எதுக்குட்டி?" என்றேன். "ஒரு வேலை இருக்கு" என்றாள். பிறகு, "சாப்டீங்களா?" என்றாள். "இனிமேதான்" என்றேன். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள். அன்று முழுக்க நான் அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரிதான் போனில் ஒரு எஸ்எம்எஸ் வந்து கிடந்ததைப் பார்த்தேன். ரேஷன் கார்டு சம்பந்தமானது. கம்ப்யூட்டர் தப்பாகத்தான் இருக்கும். இதோ, போனிலேயே இருக்கிறது, பாருங்கள். 2024 மார்ச் 18, திங்கட்கிழமை, காலை 11.40. ஆவுடையம்மாள் பெயர் நீக்கப்பட்டது. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை: ஒன்று.